கார் சர்வீஸ்: விலை கூடிய ஆயில், ‘ஒரிஜினல்’ பார்ட்ஸ்... காசுக்கு வொர்த்தா? எதில் செலவு செய்யலாம், எதில் ஏமாறக் கூடாது?

“சார், இந்த தடவை ஃபுல் சிந்தெட்டிக் ஊத்திடலாமா? பிக்-அப் வேற லெவல்ல இருக்கும்.” அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் காரை சர்வீஸுக்கு விட்டவர்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. ‘சரி’ என்று தலையாட்டினால் பில்லில் சில ஆயிரங்கள் ஏறும். ‘வேண்டாம்’ என்றால் இன்ஜினுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

கடந்த 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்கள் அனைத்துக்கும் ஒரே மாதிரி 18% ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது. அதுவரை பல பாகங்களுக்கு 28% வரி இருந்தது. அதே ஆண்டில் 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் குறித்த சர்ச்சையும் வெடித்தது. இந்த நிலையில், கூடுதல் விலை கொடுத்து வாங்கும் ஆயிலும் பார்ட்ஸும் உண்மையிலேயே பலன் தருகின்றனவா?

வரி குறைந்ததால் எவ்வளவு மிச்சம்?

வரிக்கு முன் 1,000 ரூபாய் விலையுள்ள ஒரு பாகம், 28% வரியோடு 1,280 ரூபாய். இப்போது 1,180 ரூபாய். அதாவது 100 ரூபாய் மிச்சம். டயர், பேட்டரிக்கும் இதே குறைப்புதான். ஆனால் இன்ஜின் ஆயிலுக்கு ஏற்கெனவே 18% வரிதான். எனவே ‘ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு, அதனால நல்ல ஆயிலா போட்டுக்கோங்க’ என்று யாராவது சொன்னால் அது கணக்கில் வராது.

சிந்தெட்டிக் ஆயில்: யாருக்குத் தேவை?

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் சின்னதாக இருந்தால், கடும் குளிரிலும் ஆயில் எளிதாக ஓடும் என்று அர்த்தம். சென்னையில் அப்படி ஒரு குளிரே கிடையாது. அதனால் அந்த விளம்பரப் பலனில் பாதி இங்கே எடுபடாது.

ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. மே மாத வெயிலில் சிடிஎச் ரோட்டில் சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று போகும் கார், ஆயிலை வறுத்து எடுக்கிறது. இந்தச் சூட்டில் சீக்கிரம் கெட்டுப் போகாமல் தாக்குப் பிடிப்பதில் சிந்தெட்டிக் ஆயில் மினரல் ஆயிலைவிட மேலானது. இது உண்மை.

அப்படியானால் கணக்கு எப்படி? ஒரு உதாரணம். காருக்கு 3.5 லிட்டர் ஆயில் தேவை. மினரல் லிட்டர் 350 ரூபாய், சிந்தெட்டிக் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மினரலை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால், 10,000 கி.மீ.க்கு 2,450 ரூபாய், கூடவே இரண்டு ஃபில்டர். சிந்தெட்டிக்கை 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் அதே 2,450 ரூபாய், ஒரே ஃபில்டர். சிந்தெட்டிக் ஊற்றிவிட்டு, அதையும் 5,000 கி.மீ.யில் மாற்றினால்தான் காசு போகிறது. சிந்தெட்டிக் வாங்குவதில் லாபம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பிக்-அப்பில் இல்லை.

வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு என்று வருஷத்துக்கு 4,000 கி.மீ. மட்டுமே ஓடும் காருக்கு? கி.மீ. கணக்கு முடியும் முன்பே ஒரு வருஷம் முடிந்துவிடும். அந்த காருக்கு மேனுவலில் சொன்ன கிரேடே போதும். அதைத் தாண்டி விலை கூடிய பிராண்டுக்குப் போவதில் பெரிய பயன் இல்லை.

விதிவிலக்கு உண்டு. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சாம்பல் குறைவாக விடும் ஆயிலை ஊற்றாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். டர்போ பெட்ரோல் இன்ஜின்களும், மேனுவலில் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில் கேட்கும் கார்களும் இதே ரகம்தான். இங்கே ‘நல்ல ஆயில்’ என்பது ஆடம்பரம் அல்ல, கட்டாயம். விலைச்சீட்டை அல்ல, மேனுவலில் உள்ள கிரேடையும் தர எண்ணையும் டப்பாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரேக் ஆயில், கூலன்ட்: பிராண்டா, தேதியா?

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் சேர்ந்தபின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி வரும், பெடல் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. மூன்று வருஷமாக மாற்றாத விலை கூடிய பிரேக் ஆயிலைவிட, சீல் உடைக்காத டப்பாவிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊற்றும் சாதாரண டாட் 4 பாதுகாப்பானது. சிலிகான் வகையான டாட் 5-ஐ மட்டும் இதனுடன் கலக்கவே கூடாது.

கூலன்ட்டிலும் இதே கதைதான். காசை மிச்சப்படுத்த ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை ஊற்றுவதுதான் பெரிய தப்பு. உப்புத் தண்ணீர் உள்ளே படிவம் கட்டும், துருப்பிடிக்க வைக்கும். கலருக்குக் கலர் பார்த்துக் கலப்பதும் ஆபத்து. கார் கம்பெனி சொன்ன வகையை, கலந்தே வரும் கூலன்ட்டாக வாங்கினால் போதும்.

‘ஒரிஜினல்’ பார்ட்ஸ் எங்கே தயாராகிறது?

இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி இந்தப் பகுதியிலேயே இருக்கிறது. 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரானே பிரேக் லைனிங் ஆலை இருக்கிறது. பக்கத்துப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. கார் கம்பெனிகள் பெரும்பாலான பாகங்களைத் தாங்களே செய்வதில்லை. இதுபோன்ற நிறுவனங்களிடம் வாங்கித்தான் பொருத்துகின்றன. அதே தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் கடைகளுக்கு பாகங்களை அனுப்புகிறார்கள்.

ஆக, சந்தையில் மூன்று வகை: கார் கம்பெனி டப்பாவில் வருவது, பாகம் செய்த நிறுவனத்தின் சொந்த டப்பாவில் வருவது, பெயர் தெரியாத டப்பாவில் வருவது. முதல் இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் விலை வித்தியாசம்தான். மூன்றாவதில்தான் உயிருக்கு ஆபத்து. பிரேக் பேட், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்களில் ஒருபோதும் அதைத் தொடாதீர்கள்.

‘வெளியில் சர்வீஸ் செய்தால் வாரன்டி போகும்’: உண்மையா?

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்க விடாமல் தடுத்ததுதான் புகார். வெளியில் பழுது பார்த்தாலே வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் உத்தரவில் சொல்லப்பட்டது. சில நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

ஆயில் விவகாரமும் ஆணையத்திடம் போயிருக்கிறது. டீலர்கள் குறிப்பிட்ட ஆயிலையே பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது உள்ளிட்ட புகாரில், 2017 ஜூனில் ஹூண்டாய்க்கு 87 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2018-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. ஆகவே வாரன்டி காலத்தில் வெளியில் சர்வீஸ் செய்தால், சரியான கிரேடு எழுதிய பில்லை பத்திரமாக வைத்திருப்பது முக்கியம். நாளைக்குத் தகராறு வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும்.

பிரீமியம் பெட்ரோல் போடலாமா?

இ20 பெட்ரோலின் ஆக்டேன் அளவு 95 என்கிறது மத்திய பெட்ரோலிய அமைச்சகம். சாதாரண பெட்ரோலுக்காக வடிவமைத்த இன்ஜினுக்கு இதற்கு மேல் ஆக்டேன் கொடுத்தாலும் கூடுதல் சக்தி கிடைக்காது. ஆனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடியபின் சில ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டுகளை மாற்ற வேண்டி வரலாம் என்று 2025 ஆகஸ்டில் அமைச்சகமே சொன்னது. பிரீமியம் பெட்ரோலுக்குக் கொடுக்கும் காசை, தரமான ஃப்யூயல் ஹோஸுக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

மழையில் மூழ்கிய காருக்கு?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தை அம்பத்தூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆயில் பால் ஊற்றிய காபி மாதிரி தெரிந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். முதல் சில முறை ஊற்றுவது கழுவி வெளியேற்றத்தான். அதற்குச் சரியான கிரேடில் விலை குறைந்த ஆயிலே போதும். கடைசியாக ஊற்றுவது மட்டும் மேனுவல் சொன்னதாக இருக்கட்டும். கியர் ஆயில், பிரேக் ஆயிலையும் மாற்ற மறக்காதீர்கள்.

சுருக்கமாக...

• தாராளமாகச் செலவு செய்யலாம்: பிரேக் பேட், டயர், ஸ்டியரிங் பாகங்கள், டர்போ மற்றும் பிஎஸ்-6 டீசலுக்கான சரியான ஆயில்

• நேரத்துக்கு மாற்றினால் போதும்: பிரேக் ஆயில், கூலன்ட், ஏர் ஃபில்டர்

• யோசிக்காமல் தவிர்க்கலாம்: ஆயிலில் கலக்கும் ‘பூஸ்டர்’ பாட்டில்கள், பந்தயக் கார் ரக ஏர் ஃபில்டர், தேவையில்லாத அதிக ஆக்டேன் பெட்ரோல்

போலி பாகத்தை விற்றாலோ, சொல்லாமல் மாற்றிப் பில் போட்டாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பழைய பாகத்தையும் காலி ஆயில் டப்பாவையும் கண்ணில் காட்டச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அடுத்த முறை ‘பிக்-அப் வேற லெவல்ல இருக்கும்’ என்று யாராவது சொன்னால், டேஷ்போர்டில் தூங்கும் அந்த மேனுவலை எடுத்து, ஆயில் கிரேடு எழுதிய பக்கத்தைக் காட்டுங்கள்.