கடைசிப் பக்கம் எங்களுக்கும் வேண்டும்!



வகுப்புக்கு இங்கிலீஷ் பேப்பர் வந்ததும் முதலில் காணாமல் போவது கடைசிப் பக்கம்தான். பசங்க எடுத்துக்கொள்வார்கள். கேட்டால், "உனக்கு எதுக்கு கிரிக்கெட்டு?" என்று சிரிப்பு வேறு. எனக்கு கிரிக்கெட் மட்டும் இல்லை, இங்கிலீஷும் வேணும்!

ஆங்கில வார்த்தைகள் கற்க விளையாட்டுச் செய்திதான் நல்ல வழி என்பது என் கருத்து. மற்ற செய்தியில் ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுகிறோம். விளையாட்டில் அப்படி இல்லை. என்ன நடந்தது என்று முன்னாடியே டி.வி.யில் பார்த்துவிட்டோம். அர்த்தம் தெரியும், வார்த்தை மட்டும்தான் புதுசு.

2025 அக்டோபர் 30 அன்று பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நமக்கு 339 ரன் இலக்கு. ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 ரன் அடித்து கடைசி வரை அவுட் ஆகவில்லை. அதை 'அன்பீட்டன்' என்கிறார்கள். 'பீட்டன்' என்றால் தோற்கடிக்கப்பட்ட, முன்னால் 'அன்' போட்டால் அது 'இல்லை' என்றாகிறது. அன்ஹாப்பி, அன்நோன் எல்லாம் இதே கணக்குதான். ஒரு வார்த்தையில் மூன்று வார்த்தை கிடைத்தது! இலக்கைத் துரத்துவது 'சேஸ்'. போலீஸ் திருடனைத் துரத்துவதும் 'சேஸ்'தான்.

நவம்பர் 2 இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்கா 246 ரன்னுக்கு 'ஆல் அவுட்'. என் தம்பி, "அது கொசு மருந்து இல்லையாக்கா?" என்றான். இனி அவனுக்கும் மறக்காது.

செஸ்ஸிலும் உண்டு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். கடைசி ஆட்டத்தில் டிங் லிரென் 'ரிசைன்' செய்தார். வேலையை விடுவதுதான் ரிசைன் என்று நினைத்திருந்தேன். தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை விடுவதும் ரிசைன்தான்.

ஆனால் ஒன்று, படித்த வார்த்தையை எல்லா இடத்திலும் அப்படியே போடக்கூடாது. அண்ணன் என்னைக் கேரத்தில் பெரிதாக ஜெயித்ததை 'த்ராஷ்' என்று எழுதினேன். கேரம் என்பதை எழுத மறந்துவிட்டேன். டீச்சர் பதறிப்போய், "ஏம்மா, அண்ணன் அடிச்சுட்டாரா?" என்று கேட்டார்!

என் வேண்டுகோள் இதுதான். வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கம் பெண்கள் கையில் வரட்டும். நாங்கள் தினம் ஐந்து வார்த்தை எடுத்து, அர்த்தத்தோடு கரும்பலகை ஓரத்தில் எழுதுகிறோம். பசங்களும் படிக்கலாம். உலகக் கோப்பையே பெண்கள் வாங்கியாச்சு, ஒரு பக்கம் பேப்பர் தரக் கூடாதா?

நம்ம வீராணம் ஏரி ஒரே நாளில் நிரம்புவதில்லை. வடவாற்றில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துதான் நிரம்புகிறது. வார்த்தையும் அப்படித்தான்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி