அம்மனின் சேலையும் கலெக்டரின் சான்றிதழும்

திருவானைக்காவில் நாள்தோறும் உச்சிக்காலத்தில், அர்ச்சகர் ஒருவர் அகிலாண்டேசுவரியின் சேலையை உடுத்து, தலையில் கிரீடம் தரித்து, மேளம் முழங்க அம்மன் சந்நிதியிலிருந்து சுவாமி சந்நிதிக்குச் சென்று ஜம்புகேசுவரருக்குப் பூஜை செய்கையில், வழிநெடுக நிற்கும் பக்தர்கள் அந்த வேளைக்கு அவரை அம்பிகையாகவே பாவித்துக் கைகூப்புகிறார்கள். காவிரியின் தென்கரையில் மலைக்கோட்டை ஈசனோ, கர்ப்பிணி ஒருத்திக்குத் தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்ததாகக் கூறும் ஐதீகத்தால் தாயுமானவர் என்றே பெயர் பெற்றுவிட்டார். ஸ்ரீரங்கத்து நம்பெருமாளும் பகல்பத்தின் கடைசி நாளில் மோகினி அலங்காரத்தில் சேவை சாதிக்கிறார். திருநங்கையரின் உரிமை பற்றிச் சர்ச்சை எழும்போதெல்லாம் நம்மவர்கள் இவற்றை எடுத்துக்காட்டி, நம் சம்பிரதாயத்தில் இதற்கு என்றைக்கோ இடம் கொடுத்தாயிற்று என்று திருப்தியடைவது வழக்கம். எனக்கு அந்தத் திருப்தி இல்லை. பூஜை முடிந்ததும் அர்ச்சகர் சேலையைக் களைந்து வேஷ்டியோடு வீடு திரும்புகிறார். அவருக்கு வாடகைக்கு வீடு தர எவரும் மறுப்பதில்லை.

இவ்விஷயத்தில், இக்கோயில்கள் அமைந்த திருச்சி பெருமைப்படத்தக்கது கோயிலில் அல்ல, மாநிலங்களவையில் நடந்தது. தம் பாலினம் இன்னதென்று தாமே நிர்ணயிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டென்றும், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்ட விரோதமென்றும் 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததன் பின்னர், மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா திருநர் உரிமைகளுக்கான தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்து, கல்வியிலும் வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு உள்ளிட்ட பல ஷரத்துக்களுடன் 2015 ஏப்ரல் 24 அன்று அதை ஒருமனதாக நிறைவேறச் செய்தார். தனிநபர் மசோதாவொன்றை நாடாளுமன்றத்தின் ஓர் அவை ஏற்றுப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் மக்களவையில் அது கரையேறவில்லை.

அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், சுயநிர்ணயத்தை வாயளவில் ஒப்புக்கொண்டு, கையெழுத்தைக் கலெக்டரிடம் ஒப்படைத்தது: திருநர் என்பதற்கு அவர் சான்றிதழ் வேண்டும், ஆணென்றோ பெண்ணென்றோ பதிவு பெறவேண்டுமானால் அறுவை சிகிச்சை நடந்ததாக மருத்துவமனை அதிகாரியின் அத்தாட்சியும் வேண்டும். ஐந்தாண்டுகளுக்கு முன் உச்ச நீதிமன்றம் விலக்கிய நிபந்தனை கொல்லைப்புற வழியாக உள்ளே வந்துவிட்டது.

சொந்த வாக்குமூலம் மட்டும் போதுமா என்று கேட்பவர்களையெல்லாம் துவேஷிகள் என்று தள்ளுவது நியாயமன்று. பிரிட்டனில், சமத்துவச் சட்டத்தில் பெண் என்றால் பிறப்பால் பெண் என்றே பொருள் என 2025 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பெண்களுக்கென ஒதுக்கிய இடங்களைக் குறித்த கவலை அதன் பின்னணியில் இருந்தது. பந்தய மைதானம், சிறைச்சாலை ஆகியவற்றுக்குத் தனித்தனி விதி வகுப்பதில் எனக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் பிறர் செய்யும் பரிசோதனை பிசகற்றது என்ற நம்பிக்கைக்கு நம் பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையே பதில் சொல்லும். பிறந்தது முதல் பெண்ணாகவே வளர்ந்த ஓட்ட வீராங்கனை சாந்தி, 2006இல் தோஹா ஆசியப் போட்டியில் வென்ற வெள்ளிப் பதக்கத்தை அப்படியொரு பரிசோதனையின் பேரில்தான் இழந்தார். ஒரு பதக்கத்திற்கான பரிசோதனையே இத்தனை சந்தேகத்திற்குரியதென்றால், ரேஷன் அட்டைக்கும் கல்லூரி விண்ணப்பத்திற்கும் உடலைச் சோதித்துப் பார்க்க எந்த அதிகாரிக்கும் அவசியமில்லை. அங்கே சொந்த வாக்குமூலமே போதும் என்பது என் அபிப்பிராயம்.

அடையாளத்தைச் சரிபார்ப்பதில் இத்தனை கண்டிப்புக் காட்டிய அதே சட்டம், அந்த அடையாளத்தைப் பெற்றவருக்கு என்ன கொடுத்தது என்பதையும் வாசகர் பார்க்கவேண்டும். இடஒதுக்கீடு பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பெண்ணைப் பலாத்காரம் செய்தவனுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு தண்டனை அமலில் இருந்த அக்காலத்தில், திருநர்மீது பாலியல் கொடுமை புரிந்தவனுக்கு அச்சட்டம் விதித்த அதிகபட்ச தண்டனை இரண்டு ஆண்டுகள்.