நாவற்பழ மஃபினும் வீட்டுக் கூலியும்

சென்ற சில ஆண்டுகளாக நமது மாவட்டத்து நெசவாளர் இல்லங்களிலும் விவசாயிகள் இல்லங்களிலும் ஒரு புதிய அடுப்பு இடம்பெற்று வருகிறது. மின்சாரத்தால் சூடேறும் பெட்டி அடுப்பு. 'ஓவன்' என்று யாவரும் சொல்வது. சங்கத் தணிக்கையின் பொருட்டுக் குறிஞ்சிப்பாடிக்கும் பண்ருட்டிக்கும் சிதம்பரத்துக்கும் செல்லும்பொழுது, தறி போட்ட அறைக்கு அடுத்த அறையிலேயே அதனைக் காண்கிறோம். படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்மக்கள் அதில் கேக்கும் பிஸ்கோத்தும் சுட்டு அண்டை அயலார்க்கு விற்கிறார்கள். அப்பண்டங்களுள் ஒன்று 'புளூபெர்ரி மஃபின்'. காகிதக் கிண்ணத்தில் மாவை ஊற்றி, ஊடே கருநீலப் பழங்களை இட்டுச் சுட்டெடுப்பது; கேக்கைக் காட்டிலும் சற்று இறுக்கம், ரொட்டியைக் காட்டிலும் மிருது.

ரொட்டிச் சூளை நமது கடற்கரைக்குப் புதிதன்று. கடலூரில் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் வாங்கினர். வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். ஆனால் அவையெல்லாம் கடைச் சூளைகள். வீட்டில் சுட்டு விற்பது நம் காலத்து வழக்கம்.

தின்பண்டத்தைப் பற்றிக் கூட்டுறவு ஏட்டில் எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் வினவலாம். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அந்தப் பழம் எங்கிருந்து வருகிறது என்பது. மற்றொன்று, அதனினும் முக்கியமானது: அந்த வேலைக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்பது.

முதலில் பழம். புளூபெர்ரி வட அமெரிக்கக் குளிர்நாட்டுச் செடி. புளிப்புத் தன்மை மிக்க மண்ணும், மாதக்கணக்கான குளிரும் அதற்கு வேண்டும். கடலூர் வெயிலில் அது தழைக்குமென்று எதிர்பார்ப்பது வீண். ஆகவே நமக்குக் கிடைப்பது கப்பலிலோ விமானத்திலோ வந்து, பனிப்பெட்டியில் உறைந்து கிடக்கும் பண்டமே. அமெரிக்கப் புளூபெர்ரிக்குச் சுங்கவரியைக் குறைக்க இந்தியா 2023 செப்டம்பரில் இசைந்தது உண்மைதான். எனினும் சிதம்பரத்தில் ஒரு தட்டு மஃபின் சுடும் பெண்ணுக்கு அது இன்னும் எட்டாத விலையே. அதனால் சிலர் டப்பாவில் விற்கும் நீலநிறக் கூழை வாங்குகிறார்கள். அதன்மேல் ஒட்டிய சீட்டைப் படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். சர்க்கரையும் மாவுச்சத்தும் சாயமும் எத்தனை, பழம் எத்தனை என்பது அதிலேயே விளங்கிவிடும்.

இந்தப் புளூபெர்ரியின் கதை கூட்டுறவாளர் அறியத்தக்கது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அது காட்டுப் புதரில் பறிக்கும் பழமாகவே இருந்தது. தோட்டத்தில் வளராது என்பதே பொது நம்பிக்கை. பிரடெரிக் கோவில் என்னும் தாவர அறிஞர், அதற்குப் புளிப்பு மண் வேண்டுமென்பதை 1910-இல் ஆராய்ந்து வெளியிட்டார். அதைப் படித்த எலிசபெத் வைட் என்னும் பெண்மணி, நியூஜெர்சி மாநிலத்தில் தம் குடும்பப் பண்ணையைச் சோதனைக்கு விட்டார். அவர் செய்த காரியம் நமக்குப் பாடமாகும். சுற்றுப்புறக் காடுகளில் பழம் பறிக்கும் ஏழை மக்களிடம் துளையிட்ட அளவுகோல் ஒன்றைக் கொடுத்தார். ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு அகலமுள்ள அந்தத் துளையில் நுழையாத பெரிய பழம் எந்தப் புதரில் காய்க்கிறதோ அதைக் காட்டுவோருக்குப் பணம் தந்தார். அந்தப் புதருக்குக் கண்டவரின் பெயரையே இட்டார். ரூப் லீக் என்பவர் காட்டிய செடி 'ரூபெல்' என இன்றும் வழங்குகிறது. 1916-இல் முதல் தோட்டப் பழம் சந்தைக்குச் சென்றது. 1927-இல் அப்பகுதி விவசாயிகள் புளூபெர்ரிக் கூட்டுறவுச் சங்கம் அமைக்க அவரே துணைநின்றார்.

நம்மிடத்தில் அத்தகைய பழம் உண்டா? உண்டு, நாவற்பழம். ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் ஆனி, ஆடி மாதங்களில் உதிர்ந்து, மிதிபட்டு, மண்ணை ஊதாவாக்கிக் கிடக்கிறது. புளூபெர்ரிக்கு நீலம் தரும் நிறப்பொருள் எந்த இனத்தைச் சேர்ந்ததோ அதே இனத்தைச் சேர்ந்ததே நாவலின் நிறமும். ஔவையார் கதையில் வரும் சுட்ட பழம் சூடில்லாத பழம். நமது பெண்கள் செய்வது மெய்யாகவே சுட்ட பழம்! குஜராத்தில் கோத்ராவிலுள்ள தோட்டக்கலை ஆய்வு நிலையம் 'கோமா பிரியங்கா' என்னும் நாவல் வகையைத் தேர்ந்து தந்துள்ளது. நம் பக்கத்திலோ பாலூர் ஆராய்ச்சி நிலையம் பலாவுக்கும், விருத்தாசலம் நிலையம் முந்திரிக்கும் உயர்ந்த வகைகளை வெளியிட்டிருக்கின்றன. நாவலை மாத்திரம் யாரும் கேட்பாரற்ற மரமாகவே வைத்திருக்கிறோம்.

இனிச் செய்முறை. சகோதரிகள் பலர் கேட்டிருப்பதால் சிறிது விரிவாகவே எழுதுகிறோம். பன்னிரண்டு மஃபினுக்கு மைதா 250 கிராம், சர்க்கரை 150 கிராம், உருக்கிய வெண்ணெய் 100 கிராம், முட்டை இரண்டு, கெட்டித் தயிர் 200 மில்லி, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கொட்டை நீக்கிய நாவற்சதை 200 கிராம். நாவல் நீர் மிக்கது, துவர்ப்பும் உடையது. ஆகையால் அதனை அப்படியே மாவில் இடலாகாது. சிறிது உப்பும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்த்து, அகலச் சட்டியில் இளந்தீயில் வற்றக் கிண்டி, ஆறவைத்துக்கொள்ள வேண்டும். மாவும் பேக்கிங் பவுடரும் ஒரு பாத்திரத்தில். முட்டை, தயிர், வெண்ணெய், சர்க்கரை வேறொரு பாத்திரத்தில். இரண்டையும் சேர்த்தபின் பத்துப் பன்னிரண்டு முறை புரட்டினால் போதும். தோசை மாவைக் கரைப்பதுபோல் கட்டி உடையும்வரை அடித்தால் கோதுமைப் பசை இறுகி, மஃபின் ரப்பராகிவிடும். கட்டிகள் சில இருக்கட்டும். கடைசியில் பழக்கூழை இட்டு இரண்டே சுற்றுச் சுற்றி, முன்பே சூடேற்றிய அடுப்பில் 180 டிகிரி செல்சியஸில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் சுட வேண்டும். ஈர்க்குச்சி குத்தினால் மாவு ஒட்டாது வருவதே பதம்.

ஓர் எச்சரிக்கை. மஃபின் நன்றாக உப்ப வேண்டுமென்று சமையல் சோடாவைக் கூடுதலாகப் போடுவோர் உண்டு. இந்தப் பழங்களின் நிறம் புளிப்பில் செந்நீலமாகவும், சோடாவின் காரத்தில் பச்சையும் சாம்பலுமாகவும் மாறும் இயல்புடையது. பாசி பிடித்தாற்போன்ற மஃபினை யாரும் வாங்கார். தயிர் சேர்ப்பதன் நோக்கம் இதுவே.

பலாச்சுளையிலும் இதைச் செய்யலாம். சுளையே இனிப்பாதலால் சர்க்கரையை மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். பண்ருட்டியில் மலிவாகக் கிடைக்கும் உடைந்த முந்திரியை மேலே தூவலாம். சர்க்கரையும் நமது மாவட்டத்துப் பண்டமே: சேத்தியாத்தோப்பிலேயே கூட்டுறவு ஆலை இருக்கிறது.

இப்பொழுது கணக்கிற்கு வருவோம். இதைச் சொல்லவே இக்கட்டுரை. பன்னிரண்டு மஃபினுக்குச் சரக்கு, காகிதக் கிண்ணம், மின்சாரம் யாவும் சேர்த்து 150 ரூபாய் ஆகிறதெனக் கொள்வோம். (மின்சாரம் பெரிய செலவன்று, 1500 வாட் அடுப்பு அரைமணி நேரம் இடைவிடாது எரிந்தாலும் முக்கால் யூனிட்டே.) ஒன்று 20 ரூபாயாக விற்றால் வரவு 240. மீதி 90 ரூபாய். வீட்டில் அனைவரும் இதை இலாபமென்று எழுதிக்கொள்கிறார்கள். நேரத்தை எவரும் எழுதுவதில்லை. பழம் கழுவிக் கொட்டை நீக்கி வற்றக் கிண்ட 40 நிமிடம், மாவு கலக்க 15, சுட்டு ஆறவைக்க 40, பாத்திரம் துலக்க 20, உறையிட 20. ஆக இரண்டேகால் மணி. 2025–26-ஆம் ஆண்டில் ஊரக வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். எட்டு மணி வேலைக்கு அது மணிக்கு 42 ரூபாய். அந்தக் குறைந்த கூலியைக் கொண்டே பார்த்தாலும் இரண்டேகால் மணிக்கு ரூ. 94.50 ஆகிறது. 90 ரூபாய் இலாபம் என்றது உண்மையில் ரூ. 4.50 நஷ்டம். ஓவன் வாங்கிய பணத்துக்குத் தேய்மானமே இன்னும் போடவில்லை!

நெசவாளருக்கு இந்தக் கணக்கு புதிதன்று. தறியில் ஒருவர் அமர்ந்து ஒரு கைலி நெய்வதற்குத் தார் சுற்றுவோர் உண்டு. பாவு வேலைக்குக் கை கொடுப்போர் உண்டு. பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பெண்களும் முதியோருமே. சங்கப் பதிவேட்டிலோ நெய்தவர் ஒருவரின் பெயரும் ஒரு கூலித் தொகையுமே ஏறுகின்றன. 2019–20-இல் நடந்த நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் உள்ளதாகவும், அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள் எனவும் கண்டது. தறியில் மறைந்த அந்த உழைப்பு இனி அடுப்பிலும் மறைய வேண்டுமா? வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று இப்பெண்களுக்குச் சொல்லும் பெரியவர்கள் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள் என்பது நமது அபிப்பிராயம்.

வழி இல்லாமலில்லை. 1959 மார்ச் 15-ஆம் நாள் மும்பை கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே இன்றைய 'லிஜ்ஜத்' ஸ்தாபனம். அந்த எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அங்கே மாவைப் பொது நிலையத்தில் பிசைகிறார்கள். பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று இட்டுக் கொணர்கிறார்கள். நிறுத்து வாங்கிக் கூலி கொடுக்கிறார்கள். சங்கம் நூல் கொடுத்துத் துணி வாங்குகிறதே, அதே முறை. பழத்தைப் பொதுவில் சுத்தம் செய்து வற்றவைப்பதும், மாவும் வெண்ணெயும் மொத்தமாக வாங்குவதும் மஃபினுக்கும் பொருந்தும். இருவர் சேர்ந்து நாற்பத்தெட்டு மஃபினை மொத்தம் ஐந்தரை மணி உழைப்பில் முடித்தால் சரக்கு 600, கூலி 231, வரவு 960. கூலி போக 129 ரூபாய் நிற்கும். ஆனால் அப்பளம் மாதக்கணக்கில் இருக்கும், மஃபினோ மூன்றாம் நாள் காய்ந்துவிடும். ஆகையால் முதலில் ஆர்டர், பிறகே அடுப்பு. தேநீர்க் கடைகளில் கடனுக்குப் போட்டுவிட்டுத் திரும்ப வந்ததை எண்ணுவது கூடாது.

சட்டமும் சிறிது அறிய வேண்டும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், வீட்டில் செய்து விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டியவரே. உறையிட்டு விற்றால் சேர்மானங்களும் தேதியும் எழுத வேண்டும். முட்டை சேர்த்த பண்டத்துக்குப் பச்சைக் குறி இடலாகாது. நெசவாளர் வீட்டில் மற்றொன்று: தறி ஓடும் அறையில் மாவு கலக்க வேண்டாம். பஞ்சுத் தூசி கண்ணுக்குத் தெரியாமல் படியும்.

நமது யோசனை ஒன்றைச் சங்கங்களின் முன் வைக்கிறோம். வரும் ஆனி மாதத்தில் ஒவ்வொரு சங்க எல்லையிலும் உள்ள நாவல் மரங்களை அங்கத்தினர் பார்வையிடட்டும். பழத்தின் பருமன், சதை எவ்வளவு, கொட்டை எவ்வளவு, துவர்ப்பு மிகுதியா குறைவா, முதற் பழம் எந்தத் தேதியில் உதிர்ந்தது, மரம் யார் நிலத்தில் அல்லது எந்த ஏரிக்கரையில் நிற்கிறது என்பவற்றை ஒரு நோட்டில் குறித்துச் சங்க எழுத்தரிடம் கொடுக்கட்டும். சிறந்த மரத்தைக் காட்டியவருக்குச் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து சிறு பரிசு தருவதற்குப் பேரவை இசையலாம். அந்த மரத்திலிருந்து ஒட்டுக் கட்டலாமா என்பதைப் பாலூர் நிலையத்தாரிடம் கேட்கலாம். ஒட்டுச் செடி காய்க்கவே ஆறேழு ஆண்டு செல்லும் என்பதால், நோட்டு எழுதுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க வேண்டாமென்று வேண்டுகிறோம். அதே நோட்டின் பின்பக்கத்தில், அடுப்பு வேலை செய்யும் வீட்டார் தம் நாழிகைக் கணக்கையும் எழுதி வரட்டும். பேரவையில் இரண்டையும் சேர்த்தே படிக்கலாம்.