விலைக்கு வாங்கவொண்ணா வினைத்திறம்

மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சிலிக்கான் என்னும் பொருள், மின்னை முழுதும் கடத்துவதுமன்று, முழுதும் தடுப்பதுமன்று. இவ்விடைநிலைக் குறைகடத்தியின்மேல் நுண்ணிதாய்ப் பொறிக்கப்படும் சில்லே, கணினிக்கும் தொலைபேசிக்கும் ஏவுகலத்துக்கும் மூளையாக நின்று இயக்குகின்றது. அதனைத் தானே செய்துகொள்ள மாட்டாத நாடு பிறர் கையையே நோக்கி நிற்கும். 2021-இல் சில்லுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, இந்தியத் தானுந்துத் தொழிலகங்கள் வண்டிகளைச் செய்துமுடிக்கவியலாது திகைத்தமையை எவரே மறப்பர்?

அவ்வாண்டின் இறுதியில்தான் இந்திய நடுவணரசு விழித்தது. குறைகடத்தித் தொழிலுக்கென 76,000 கோடி உருபா ஒதுக்கியது. ஆலை அமைக்கும் செலவில் பாதியளவும் தானே தருவதாக முன்வந்தது. 2024-இல், குசராத்தின் தோலேராவில் தைவானின் பவர்சிப் நிறுவனத்தின் துணையோடு டாட்டாக் குழுமம் ஏறத்தாழ 91,000 கோடி உருபாவில் ஆலை எழுப்ப இசைவு வழங்கப்பெற்றது. முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும், பொருளைக் கொட்டினால் மட்டும் தொழில் வேரூன்றிவிடுமா?

இஃது இந்தியாவின் முதன் முயற்சியன்று என்பதை இளைய தலைமுறை அறிதல் வேண்டும். பஞ்சாபின் மொகாலியில் அரசே ஒரு சில்லுத் தொழிலகம் நிறுவ 1976-இலேயே இந்திய அமைச்சரவை இசைவளித்தது. 1980-களின் நடுப்பகுதிக்குள் அங்கே ஆக்கமும் தொடங்கிற்று. அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் உரிமம் பெற்று, 5 மைக்ரான் அளவில் சில்லுகள் செய்யப்பட்டன. மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு கூறு. பின்னர் 0.8 மைக்ரான் அளவுக்கும் அத்தொழிலகம் வளர்ந்தது. 1989 பிப்பிரவரியில் மூண்ட பெருந்தீ அதனை அழித்தது. தீயினும் கொடியது, பின்னர் நேர்ந்த காலத்தாழ்வு! மீண்டும் ஆக்கம் தொடங்கப் பல்லாண்டுகள் ஆயின. உலகம் அதற்குள் எட்டாத் தொலைவு சென்றுவிட்டது. 2006-இல் அத்தொழிலகம் விண்வெளித்துறையின் ஆய்வகமாக மாற்றப்பெற்றது. ஏவுகலத்துக்கென அங்கே செய்யப்பெற்ற 'விக்ரம்' என்னும் செயலியை 2025-இல் காட்டிப் பெருமை கொண்டனர். பெருமை உண்மையே, ஆயின் அதன் அளவு 180 நானோமீட்டர். தோலேராவில் செய்யக் கருதுவதோ 28 நானோமீட்டர் வரையிலான சில்லுகள். இடைப்பட்ட தொலைவே இழந்த காலத்தின் அளவு.

தைவான் செய்தது என்ன? இந்தியா இசைவளித்த அதே 1976-இல், அச்சிறு தீவின் அரசு தன் இளம் பொறிஞர் குழுவை அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு அனுப்பிற்று. அவர்கள் கற்றது 7 மைக்ரான் நுட்பம். அன்றைய நிலையிலும் அது பின்தங்கியதே. ஆயினும் அவர்கள் நாடியது பொருளன்று, பயிற்சி. 1977-இல் தாயகத்தில் தொடங்கிய செய்முறை ஆலையில், பழுதற்ற சில்லுகளின் விழுக்காட்டில் கற்பித்த நிறுவனத்தையே விஞ்சினர். அவ்வரசாய்வகத்திலிருந்தே 1980-இல் யு.எம்.சி.யும், 1987-இல் டி.எஸ்.எம்.சி.யும் கிளைத்தன. அன்று மாணவனாகச் சென்ற தீவு இன்று இந்தியாவுக்கு ஆசானாக வருகின்றது!

இவ்வேறுபாட்டின் கரணியம் யாது? சில்லுத்தொழில் பொறிகளின் தொழிலன்று, பட்டறிவின் தொழில். ஒரு வட்டு, முழுச் சில்லுகளாகப் பிறக்கு முன்னர் நூற்றுக்கணக்கான படிகளைக் கடக்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத் தூசொன்று படியினும் சில்லு பாழ். எப்படியில் பழுது நுழைந்தது, அதனை எங்ஙனம் களைவது என்பது ஏட்டில் இல்லை. நாடோறும் செய்து செய்து தேர்ந்த கைகளிலும் கண்களிலுமே உள்ளது. பொறியை விலைக்கு வாங்கலாம், உரிமத்தை வாங்கலாம், கைத்திறத்தை எச்சந்தையில் வாங்குவது?

உலகின் சில்லு வடிவமைப்பாளருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இந்தியாவில் உள்ளார் என்று நடுவணரசே கூறுகின்றது. அவருள் பெரும்பாலோர் உழைப்பது அயல்நாட்டு நிறுவனங்களுக்கே. அறிவுக்குப் பஞ்சமில்லை, அறிவு நின்று விளைதற்குரிய களமே பஞ்சம்.

ஆகலின், அரசு தரும் ஒவ்வோர் உருபாவுக்கும் ஈடாக ஒரு கணக்குக் கேட்கப்படல் வேண்டும்: எத்தனை இளைஞர், எந்நுட்பத்தை, எவ்வளவு ஆழமாகக் கற்றனர்? கட்டடத்தின் உயரத்தையும் முதலீட்டின் பெருக்கத்தையும் காட்டி மக்களை மயக்குதல் போதாது. மொகாலியை வெறுங் காட்சிப் பொருளாக்காது, நாட்டின் பொறிஞர்க்கெல்லாம் செய்முறைக் களமாக்குதல் வேண்டும். ஆட்சி மாறினும், இடர் நேரினும், முதற் சில ஆண்டுகள் இழப்பே வரினும் முயற்சி கைவிடப்படலாகாது.

நாற்று நட்டவன் நீர்பாய்ச்ச மறந்தால் நிலத்தைக் குறைகூறிப் பயனில்லை. மொகாலியில் கருகியது ஓர் ஆலை மட்டுமன்று. ஒரு தலைமுறையின் வாய்ப்பு. தோலேராவிலும் அது கருகுமாயின், அதற்குத் தீயொன்றும் வேண்டுவதில்லை, பொறுப்பின்மையே போதும்.