அவன் கேட்ட கேள்விக்கு நாம் பதில் சொல்லவில்லை

சோனகத்தெரு, ஒட்டுமடம், பொம்மைவெளி உறவுகளுக்கும், இதை வாசிக்கிற மற்ற யாழ்ப்பாணத்துச் சொந்தங்களுக்கும். பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் நிறுத்திவிட்டு கமெண்ட் போடாமல் முழுதாக வாசியுங்கள்.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து ஐந்து சந்தியில் பிளேன்டீ குடிக்க நின்றோம். பேச்சு முழுக்க ஒரு பொடியனைப் பற்றித்தான். யார் என்று ஊருக்குத் தெரியும், பெயர் இங்கே வேண்டாம். கொழும்பில் வேலை செய்கிறான். தனக்கு இறைநம்பிக்கை இல்லை என்று முகநூலில் நாலு வரி எழுதியிருந்தான். யாரையும் ஏசவில்லை, நபியவர்களைப் பற்றி ஒரு தப்பான சொல் இல்லை. நம்பிக்கை இல்லை, இனி நடிக்க விரும்பவில்லை, அவ்வளவுதான் எழுதியது.

அதற்கு ஊர் சொன்ன காரணங்களைக் கேட்டோம். கம்பஸ் போன திமிர். யூரியூப். கூடாத சேர்க்கை. வெளிநாட்டு விசாவுக்கு வழி பார்க்கிறான். ஒருவர் உம்மா வளர்த்த வளர்ப்பு என்றார். அந்த உம்மா தனி மனுஷியாகத் தைத்து இடியப்பம் அவித்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு தேத்தண்ணி இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நம்மைப் பற்றித் தெரியும். ஐவேளை தொழுகிறோம், பிள்ளைகளையும் தொழச் சொல்லுகிறோம். அல்லாஹ் இருக்கிறான் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக வகுப்பறையில் நிற்கிறவர்கள் என்ற வகையில் ஒன்று சொல்லலாம். ஒருவன் ஏன் நம்பவில்லை என்பதற்கு நாம் கொடுக்கிற காரணமும் அவனுடைய காரணமும் ஒன்றாக இருந்ததை நாம் பெரும்பாலும் கண்டதில்லை.

இந்த மண்ணுக்கு இது புதுசும் இல்லை. 1928இல் கேரளத்துத் திருவல்லாவிலிருந்து ஒரு ஆசிரியர் யாழ்ப்பாணம் வந்தார். ஆபிரகாம் தோமஸ் கோவூர். தகப்பன் சிரியன் கிறிஸ்தவப் பாதிரியார். நம் வீடுகளிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற யாழ் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தார். ஒரு வருடம் அவரையே வேதாகமப் பாடமும் எடுக்கச் சொன்னார்களாம். பிள்ளைகள் எல்லாரும் நல்ல சித்தி. அடுத்த வருடம் அந்தப் பாடத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு அப்போதைய அதிபர் காஷ் பாதிரியார், பெறுபேறு நல்லதுதான், ஆனால் உம்முடைய மாணவர்கள் விசுவாசத்தை இழந்துவிட்டார்களே என்றாராம். கோவூரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற கதை இது.

பிறகு காலி, கல்கிசை, கொழும்பு என்று மாறிப் போய் 1959இல் தேர்ஸ்டன் கல்லூரியில் ஓய்வு பெற்றார். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்தினார். பேய், பில்லி, சூனியம் என்று சொன்ன வீடுகளுக்கு நேரே போய் விசாரித்தார். மோசடிக்கு இடமில்லாத முறையில் ஒரு அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். அந்தக் காலத்து ஒரு இலட்சம்! 1978இல் அவர் மௌத்தாகும் வரை யாரும் அந்தக் காசை வாங்கவில்லை. கண்ணைத் தானம் செய்தார், உடலை மருத்துவப் பீடத்துக்கு எழுதி வைத்தார், எலும்புக்கூடு தான் படிப்பித்த பாடசாலையின் ஆய்வுகூடத்துக்கு என்றார்.

கோவூரை ஏன் இழுக்கிறோம் என்றால், அவருக்கு எந்த அடியும் விழுந்ததாகத் தெரியவில்லை. பிள்ளை மௌத்தாகி, வீடு பறிபோய், கோபத்தில் கடவுளை விட்டவர் இல்லை. யோசித்தார், ஆதாரம் போதாது என்று முடிவெடுத்தார். அந்த முடிவு பிழை என்பது நமது நம்பிக்கை. ஆனால் மறுப்பு எல்லாவற்றையும் "பாவம், என்ன கஷ்டமோ" என்று நோயைப் போலப் பார்ப்பதும் ஒரு மரியாதைக் குறைவுதான். யோசித்து வந்தவனுக்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நம் உலமாக்களில் அந்தப் பொறுமை உள்ளவர்கள் இருக்கிறார்கள், நாம்தான் அவர்களிடம் இந்த மாதிரிக் கேள்விகளைக் கொண்டு போவதில்லை.

அடி விழுந்து விட்டவர்களும் உண்டு. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் 1968இல் நடந்ததை மூத்தவர்களிடம் கேளுங்கள். சாதியைச் சொல்லிச் சொந்தச் சைவ மக்களையே உள்ளே விடவில்லை. மறித்து நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர் கணிதப் பேராசிரியர், முன்னாள் மந்திரி சுந்தரலிங்கம். 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது, சட்டம் ஒரு பக்கம், வாசல் ஒரு பக்கம். அந்தக் காலத்தில் எத்தனை இளைஞர்கள் இடதுசாரிகளோடு போனார்கள்! தன்னை வாசலில் நிற்க வைத்த சாமியை எதற்கு நம்ப வேண்டும் என்று ஒருவன் கேட்டால் அது தத்துவக் கேள்வி இல்லை. அவன் சாமியை மறுக்கவில்லை, வாசலில் நின்றவரின் முகத்தைச் சாமியின் முகம் என்று எடுத்துக்கொண்டான். நமக்குள் சாதி இல்லை என்று பெருமைப்பட முதல், கைக்கூலி வாங்கிவிட்டு முன் சஃபில் நிற்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை ஞாபகம் வையுங்கள்.

இனி நம் சொந்தக் கதை. 1990 ஒக்டோபர் 30. ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னது, இரண்டு மணித்தியாலம், வளையலையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்தது எல்லாம் நம் வீடுகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த விஷயம். வடக்கு முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 75,000 பேர். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் கிடந்த அந்த முதல் மழைக்காலத்தில் நம் ஆட்கள் இரண்டாகப் பிரிந்ததை அங்கே இருந்தவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் தஹஜ்ஜத் தொழத் தொடங்கினேன் என்பவர்கள் நிறையப் பேர். அதற்குப் பிறகு முஸல்லாவை விரிக்கவே இல்லை என்பவர்கள் கொஞ்சப் பேர். கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஒரு வாப்பா கடைசி வரை பள்ளிக்கு வரவில்லை. யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. நோன்பு காலத்தில் கஞ்சிக்கு விறகு வெட்டிக் கொடுப்பார், கஞ்சி எடுக்க மாட்டார். அவரிடம் யாரும் காரணம் கேட்கவில்லை, அவருடைய ஜனாஸாவைத் தொழ வைத்த மவ்லவியும் கேட்கவில்லை. அந்தக் காலத்து மனிதர்களுக்கு அந்தளவு இங்கிதம் இருந்தது.

அதே வருடம் ஓகஸ்ட் 3, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1995 ஜூலை 9, நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த தமிழ்ச் சனங்கள் மேல் விமானக் குண்டு விழுந்தது. அங்கேயும் நூற்றுக்கு மேல். 2019 உயிர்த்த ஞாயிறில் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே தேவாலயங்களில் வெடித்தார்கள். ஸுஜூதிலும் முழங்காலிலும் இருந்தவர்கள் செத்த நாடு இது. இந்த நாட்டில் ஒரு பிள்ளை "ஏன்" என்று கேட்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

கேட்ட பிள்ளைதான் அவன். அதைத்தான் சொல்ல வந்தோம்.

பத்தாம் ஆண்டில் இருந்தான். வெளியேற்றத்தைப் பற்றி ஏதோ பேச்சு வந்தது. எழும்பிக் கேட்டான்: "சேர், உம்மம்மா அண்டைக்கு முழுக்க துஆ கேட்டவவாம். ஏன் கபூலாகல்ல? கேட்கிறவன் இருந்தா கேட்டிருக்கும்தானே?" வகுப்பு அமைதியாகிவிட்டது. நாம் என்ன செய்தோம் தெரியுமா? அஸ்தஃபிருல்லாஹ் சொல்லு, உட்காரு, இப்படிக் கேட்டால் ஈமான் போய்விடும் என்றோம். அதோடு நிற்கவில்லை. பாடம் முடிந்து அவனுடைய மாமாவுக்குப் போன் எடுத்துப் பொடியனைக் கவனியுங்கள் என்று சொன்னோம். அன்று வீட்டில் அவனுக்கு அடி விழுந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு நம் வகுப்பில் அவன் கை உயர்த்தியதே இல்லை. சாதாரண தரத்தில் இஸ்லாம் பாடத்துக்கு ஏ எடுத்தான்.

நமக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை, அதுதான் உண்மை. தெரியாது என்று சொல்ல வெட்கம். இப்ராஹீம் நபி இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று அல்லாஹ்விடமே கேட்டார், அவருக்கு அடி விழவில்லை, பறவைகளைக் கொண்டு காட்டப்பட்டது என்று அதே வகுப்பில் நாம்தான் படிப்பித்தோம். சொல்ல முடியாத எண்ணங்கள் மனதில் வருகின்றன என்று ஸஹாபாக்கள் வந்து முறையிட்டபோது, அந்த வேதனையே ஈமானின் அடையாளம் என்று நபியவர்கள் ஆறுதல் சொன்னதும் நமக்குத் தெரியும். இமாம் கஸ்ஸாலி கிட்டத்தட்ட இரண்டு மாதம் எதையுமே நிச்சயமாக நம்ப முடியாமல் தவித்ததைத் தன் கையாலேயே எழுதி வைத்தார். கிறிஸ்தவப் பிள்ளை கிறிஸ்தவனாகவும் யூதப் பிள்ளை யூதனாகவும் முஸ்லிம் பிள்ளை முஸ்லிமாகவும் வளர்வதைப் பார்த்துத்தான் அவருக்குக் கேள்வி தொடங்கியது. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று நாம் கொண்டாடுகிறவர் அவர். நம் வகுப்பில் இருந்திருந்தால் அவருக்கும் உட்காரு என்றுதான் சொல்லியிருப்போம்.

இன்னொரு காரணமும் உண்டு, அதில் கேள்வியும் இல்லை காயமும் இல்லை. 2009இல் கலப் நிறுவனம் நாடு நாடாக மதம் உங்கள் அன்றாட வாழ்வில் முக்கியமா என்று கேட்டது. இலங்கையில் 99 வீதம் ஆம் என்றார்கள், சுவீடனில் 17 வீதம். நோர்வேயிலும் சுவீடனிலும் வளர்கிற நம் சொந்தக்காரப் பிள்ளைகளைப் பாருங்கள். சுற்றி இருக்கிறவர்கள் சாமியைப் பற்றிப் பேசுவதில்லை, வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரி, வேலை போனால் அரசாங்கம். அங்கே நம்பாமல் இருப்பது லேசு, இங்கே நம்பாமல் இருப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தோடு ஒருவன் பகிரங்கமாகச் சொல்கிறான் என்றால் அது பொழுதுபோக்குக்கு இல்லை.

கடைசியாக ஒரு பெயர். கோயம்புத்தூர் பாரூக். பழைய இரும்பு வியாபாரி, 31 வயது, இரண்டு பிள்ளைகளின் வாப்பா. திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்தார், இறைவன் இல்லை என்று எழுதினார். 2017 மார்ச் 16 இரவு போனில் கூப்பிட்டு வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் மார்க்கத்தைக் காப்பாற்றியதாக நினைத்திருப்பார்கள். நடந்தது என்ன? மகன் இருந்த இடத்தில் இனி நான் இருப்பேன் என்று பாரூக்கின் வாப்பாவும் அந்த இயக்கத்தின் பக்கம் போனார். மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்பது பகரா சூராவில் இருக்கிறது, ஆயத் எண் 256, எடுத்துப் பாருங்கள். ஐந்து சந்தியில் நின்று "கையைக் காலை முறிக்க வேணும்" என்று சிரித்துச் சொன்ன தம்பிமாருக்காகத்தான் இதை எழுதுகிறோம். நீங்கள் விளையாட்டாகச் சொன்னது நமக்குத் தெரியும். கேட்டுக்கொண்டு நின்ற பதினேழு வயதுப் பொடியன்களுக்கு அது விளையாட்டு என்று தெரியுமா?

இனிச் செய்ய வேண்டியது. அந்த உம்மாவிடம் இடியப்பம் எடுக்கிறவர்கள் தொடர்ந்து எடுங்கள். போன கிழமை நாலு வீடு நிறுத்தியதாகக் கேள்விப்பட்டோம், கேட்கவே வெட்கமாக இருக்கிறது. தங்கச்சியின் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற குடும்பம், தமையனைச் சாட்டி இழுத்தடிக்காதீர்கள். பள்ளி நிர்வாகத்தில் இதை எடுக்கப்போவதாகக் கதை வருகிறது. எடுக்க வேண்டியது அவன் விஷயத்தை இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் எதையும் கேட்கலாம் என்று ஒரு மணித்தியாலம் வைப்பதை. பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லக்கூடிய மவ்லவிமார் வரட்டும். நாமும் வந்து இருக்கிறோம்.

அவனுக்குப் போன் எடுத்தோம். முதல் இரண்டு தரம் தூக்கவில்லை. மூன்றாம் தரம் தூக்கி "சொல்லுங்க சேர்" என்றான். பத்தாம் ஆண்டில் உட்காரு என்று சொன்னது பிழை, மாமாவுக்குச் சொன்னது அதைவிடப் பெரிய பிழை என்று சொன்னோம். கனநேரம் சத்தமில்லை. பிறகு, "இப்ப பதில் இருக்கா சேர்?" என்றான். இல்லை என்றோம். சிரித்தான். பெருநாளைக்கு ஊருக்கு வருகிறானாம், வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.

கமெண்டில் அவன் பெயரையோ வீட்டையோ எழுத வேண்டாம். எழுதினால் அழித்துவிடுவோம், கோபிக்கக் கூடாது.