ஆர்டர் வரும் வரை



சங்கக் கூட்டங்களில் நாம் இலக்கியம் பேசுகிறோம். நாட்டு நடப்புப் பேசுகிறோம். கூட்டம் கலைந்து கோவண்டி நிலையத்தை நோக்கி நடக்கும்போது மட்டும் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: “என்னப்பா, அங்கிருந்து பதில் வந்ததா?” மேடையில் ஏறாத அந்தக் கேள்வியை இதழில் ஏற்ற விரும்புகிறேன்.

என் பாட்டனார் நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர். ஊர்க்காரர் ஒருவர் கையைப் பிடித்துத் தோல் பதனிடும் இடத்துக்கு அழைத்துச் சென்றார். மறுநாளே வேலை. பிடிக்கவில்லை என்றால் அதற்கு மறுநாளே வெளியே! அந்த முறை நல்லதென்று நான் சொல்லவில்லை. ஆனால், அவருக்குத் தம் நிலை என்ன என்பது தெரிந்திருந்தது. பட்டம் பெற்ற நமக்கு அது தெரிவதில்லை.

பி.எஸ்ஸி. முடித்ததும் துர்பேயில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சம்பளம் சிறிது; ஆனால் மாதம் தவறாது வந்தது. சில மாதங்களில் இன்னொரு பெரிய தொழிற்சாலைக்கு மனுப் போட்டேன். முதலில் தொலைபேசியில் பேசினார்கள். பிறகு எழுத்துத் தேர்வு. ஒரு மாதம் கழித்து ஒரு நேர்முகம், மேலும் ஒரு மாதம் கழித்து இன்னொன்று. கடைசியில் ஓர் அதிகாரி என் தோளைத் தட்டி, “அடுத்த வாரம் ஆர்டர் வந்துவிடும், தயாராக இரு” என்றார். மகிழ்ச்சியில் மறுநாளே ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது தந்தை கேட்டது ஒன்றுதான்: “ஏல, காயிதம் கையில வந்துட்டா?”

அந்தக் காகிதம் இன்றுவரை வரவில்லை. “இல்லை” என்ற சொல்லும் வரவில்லை. நான்கு மாதம் தேவ்நார் அறையின் வாடகையில் என் பங்கை நண்பர்கள் கட்டினார்கள். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தந்தை கடன் வாங்கினார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையை அன்றுதான் முழுதும் புரிந்துகொண்டேன். இப்போது பகலில் எம்.எஸ்ஸி., மாலையில் டியூஷன் வகுப்பில் பாடம் என்று காலம் ஓடுகிறது.

இது என் ஒருவன் கதையா? இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 2 தேர்வைப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் அறிவிப்பு. மே 21-இல் முதல்நிலைத் தேர்வு. 2023 பிப்ரவரி 25-இல் முதன்மைத் தேர்வு. அதன் முடிவு 2024 ஜனவரியில்! மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் சி பிரிவு வேலைகளுக்கு நேர்முகத்தையே நீக்கிவிட்டது. காத்திருப்பு நீங்கியதா? 2019 பிப்ரவரியில் ரயில்வே வாரியம் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களுக்கு மனுக் கேட்டது. ஏறத்தாழ ஒன்றேகால் கோடிப் பேர் மனுச் செய்தார்கள். முதல் தேர்வு தொடங்கியது 2020 டிசம்பர் கடைசியில். இடையே பெருந்தொற்று வந்தது உண்மை. ஆனால் தொற்று ஊரை அடைக்கும் முன்னரே ஓராண்டு கழிந்துவிட்டதே!

வேலையில் இருந்துகொண்டே வேலை தேடுபவனின் பாடு இன்னும் கடினம். மகாராஷ்டிரத்தில் 2017-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, அச்சட்டம் பொருந்தும் இடத்தில் ஆண்டுக்கு 8 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. சென்னையில் ஒரு நேர்முகம் என்றால், போக ஒரு நாள், இருக்க ஒரு நாள், வர ஒரு நாள். மூன்றாம் முறை அழைத்தால் விடுப்புக் கணக்கு தீர்ந்தது. அப்போதுதான் ஊரில் உயிரோடிருக்கும் பாட்டிக்குக் காரியம் செய்யக் கிளம்புகிறோம்! வேலை தருபவர் நான்கு மாதம் யோசிக்கலாம். நாம் மட்டும் நான்கு நாளில் வந்து சேர வேண்டும். இருக்கும் இடத்திலோ மூன்று மாத நோட்டீஸ் கேட்கிறார்கள். இது நியாயமா?

“ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலா? சம்பளம் தருபவருக்குத் துரோகம் அல்லவா?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பணிவான விடை இது. வாங்கும் சம்பளத்துக்கு வேலையைக் குறைப்பது துரோகம். பொய் சொல்லி விடுப்பு எடுப்பதும் தவறு. வேறு வேலை தேடுவது துரோகமன்று. சரக்கு வாங்குபவர் நாலு கடை விசாரிப்பதை யாரும் குறை சொல்வதில்லை; உழைப்பை விற்பவன் மட்டும் ஒரே வாசலில் நிற்க வேண்டுமா?

ஆதலால், பட்டறிவால் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன். எழுத்தில் ஆர்டர் வந்து, சேரும் நாளும் சம்பளமும் அதில் இருப்பதைக் கண்ட பிறகே ராஜினாமாக் கொடுங்கள். முதல் பேச்சைத் தொலைபேசியில், வேலை நேரத்துக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளக் கேளுங்கள். இரண்டு நேர்முகங்களை ஒரே நாளில் முடிக்க இயலுமா என்றும் கேளுங்கள். கேட்பதால் கெடுவதில்லை. எழுந்து வரும்போது, “முடிவு எந்தத் தேதிக்குள் தெரியும்?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி கடந்தால் ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்த வாசலுக்குப் போங்கள். ஒரு வாசலை நம்பி மற்ற மனுக்களை நிறுத்தாதீர்கள். அதுவே நான் செய்த இரண்டாவது பிழை.

வேலை தருபவருக்கும் கடமை உண்டு. நம் அருகே டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 1957-இல் தொடங்கியது. அங்கே மனுக் கேட்கும்போதே, தேர்வு என்று, நேர்முகம் எப்போது என்று அறிவித்துவிடுகிறார்கள். நாடெங்கும் இருந்து வரும் மனுக்களைச் சலித்தெடுக்கும் அவர்களால் முடிவது, ஐந்து பேரை எடுக்கும் கம்பெனிக்கு முடியாதா? நமக்குச் சலுகை வேண்டாம். ஒரு தேதி வேண்டும். இல்லை என்றால் “இல்லை” என்ற ஒரு வரி வேண்டும்.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம் சங்கத்தின் பழைய மாணவர்கள் பலர் இன்று ஆளெடுக்கும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு அவர்களை அழைத்து மாலையிடும்போது, இந்தக் கோரிக்கையையும் அவர்கள் கையில் கொடுப்போம். நாளை நாமே அந்த நாற்காலியில் அமரும்போது, எதிரே இருப்பவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்திருக்கிறான் என்பதை மறவாதிருப்போம்.