வெயிலும் கல் தளமும்

காரைக்காலிலிருந்து வயதான பெற்றோரைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துச் செல்ல, நாகூர், திருவாரூர் வழியாகச் செல்லும் ரயிலே வசதி; முழங்கால் வலிக்காரர்களுக்குப் பேருந்துக் குலுக்கல் ஆகாது. 1010இல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த இக்கோயில், 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. நுழைவுக் கட்டணம் கிடையாது. சிக்கலெல்லாம் தரையில்தான். செருப்பை வெளியே விட்டு நடந்தால், கோடையில் முற்பகலிலேயே கல் தளம் காலைச் சுடும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அந்தச் சூடு உறைக்காது. கொப்புளம் கண்ட பிறகே தெரியும். கெட்டியான பருத்திக் காலுறை ஓரளவு காக்கும். நண்பகலில் நடை சாத்தப்படுவதால் அதிகாலையோ அந்தியோ செல்வதே உத்தமம். சன்னதிக்குப் படியேறவும் வேண்டும். கோடை விடுமுறையில் வாசல் முதல் நந்தி மண்டபம் வரை நனைத்த தென்னைநார் விரிப்பு எந்நேரமும் கிடக்கத் தொல்லியல் துறை ஆவன செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், காரைக்கால்